டிராகன் தலையும் காற்றுத்துளையும்

நேயர்களுக்கு வணக்கம். மரக் கடைசலும் செதுக்கலும் என் தொழில். புகையிலை புகைக்கிற, இணையத்தில் மலிவு விலைக்கு வரும் செதுக்கு வேலைப்பாட்டு மரப் பைப்புகளைத் தரம் பார்ப்பது எப்படி என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புகையிலை எந்த வடிவில் வந்தாலும் உடம்புக்குக் கேடுதான். பைப்பில் புகைத்தாலும் வாய்ப் புற்றுநோய் வரலாம். சேகரிப்புக்காக, நாடகத்துக்காக, விட முடியாத பழக்கத்துக்காக என்று வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கொடுக்கும் காசு எதற்குப் போகிறது என்பதைத்தான் நான் சொல்லப்போகிறேன்.

விற்பனைப் படத்தில் முதலில் கண்ணை இழுப்பது டிராகன் தலை, கழுகின் கால் நகம், மண்டை ஓடு. புகையிலை வைக்கும் கிண்ணத்தின் உட்புறத்தைக் காட்டும் படத்தைத் தேடிப்பாருங்கள், பெரும்பாலும் இருக்காது. பைப்பின் தரமோ அங்கேதான் இருக்கிறது. தண்டு வழியாக வரும் காற்றுத்துளை கிண்ணத்தின் அடிமட்டத்தில், நட்டநடுவில் வந்து திறக்க வேண்டும். விட்டம் சுமார் 3.5 முதல் 4 மில்லிமீட்டர் இருந்தால் போதும். துளை மேலே ஏறித் திறந்திருந்தால் அடியில் தங்கும் புகையிலை எரியாமல் ஈரம் கோத்துச் சொதசொதவென்று கிடக்கும். பக்கவாட்டில் ஒதுங்கியிருந்தால் நெருப்பு சமமாகக் கீழே இறங்காது.

அடுத்தது சுவரின் கனம். செதுக்கு பைப்பில் பலரும் கோட்டை விடுவது இங்கேதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். கிண்ணத்தின் வெளி விட்டம் 34 மில்லிமீட்டர், உள்விட்டம் 20 என்றால் சுவர் 7 மில்லிமீட்டர். வெறும் பைப்பாக இருந்தால் அது போதுமான கனம். அதிலே மண்டை ஓட்டின் கண்குழியை 4 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் குடைந்தால் அந்த இடத்தில் மிஞ்சுவது 3 மில்லிமீட்டர். கை சுடும், நாளடைவில் அந்தக் குழியிலேயே மரம் கருகி ஓட்டை விழும். வேலை தெரிந்தவர் முதலில் கனமான கட்டையாக எடுத்து, ஆழமான குடைவை எல்லாம் நெருப்பு படாத தண்டுப் பக்கம் தள்ளிவிடுவார். ஆழக் குடைவு எந்த இடத்தில் விழுந்திருக்கிறது என்று பார்த்தாலே செய்தவருக்குப் பைப் தெரியுமா, உளி மட்டும்தான் தெரியுமா என்பது புரிந்துவிடும்.

செதுக்கலுக்கு இன்னொரு பயனும் உண்டு. மரத்தில் இருக்கும் பள்ளத்தையும் வெடிப்பையும் அது மறைக்கும். குறையிருக்கும் இடத்தை வெட்டி எடுத்துவிட்டு அங்கே ஒரு இறகையோ செதிலையோ செதுக்கினால் அது நேர்மையான வேலை; நான் குறை சொல்ல மாட்டேன். மக்கு, அதாவது ஓட்டை அடைக்கும் பசை, வைத்து அடைத்து, மேலே கருஞ்சாயம் பூசி, பளபளவென்று வார்னிஷ் அடிப்பதுதான் தப்பு. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சுற்றிலும் மர ரேகை ஓடிக்கொண்டிருக்க, இறகின் ஓரத்தில் மட்டும் ரேகையே இல்லாத ஒரு திட்டு தெரிந்தால் அது மக்கு. சூட்டில் அது உதிரும். வார்னிஷும் சூடு தாங்காது. கொப்புளம் விடும், வாடை அடிக்கும். நல்ல பைப்புக்கு மெழுகு மெருகு போதும்.

மரத்தைப் பற்றி. பைப்புக்குப் பேர்போனது பிரையர். மத்தியதரைக் கடலோரம் வளரும் எரிகா ஆர்போரியா என்ற செடியின் வேர்ப்பகுதியில் திரளும் கணு அது. வெட்டிய துண்டுகளை மணிக்கணக்கில் வேகவைத்துச் சாற்றை நீக்கி, மாதக்கணக்கில் உலர்த்திய பிறகே கடைசலுக்கு எடுப்பார்கள். இத்தனை காத்திருப்பும் அடிமட்ட விலைக்குள் அடங்காது. மலிவில் கிடைப்பது பெரும்பாலும் பேரி மரம். பிரையரைவிட மிருது, சீக்கிரம் கருகும். ஆனாலும் நன்றாக உலர்ந்திருந்தால் மோசமில்லை. ‘ரோஸ்வுட்’, ‘கருங்காலி’ என்று எழுதியிருந்தால் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். சாயம் பூசிய ஏதோ ஒரு மரமாக இருக்கலாம். நிஜமான ரோஸ்வுட்டாகவே இருந்தாலும் அதன் எண்ணெய்ப் பசை சிலருக்குத் தோல் ஒவ்வாமை தரும். அதை வாயருகே வைத்துச் சூடாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

குறைந்த செலவில் உழைக்கிற பைப்தான் வேண்டும் என்றால் செதுக்கலை விட்டுவிடுங்கள். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் 1869 முதல் மணி உதிர்த்த மக்காச்சோளக் கதிர்க்கட்டையில் பைப் செய்கிறார்கள். அழகு குறைவு, வேலை சுத்தம்.

அலங்காரம்தான் வேண்டும் என்றால், வாங்குமுன் விற்பவரிடம் இரண்டு படம் கேளுங்கள்: கிண்ணத்தை நேர் மேலிருந்து வெளிச்சத்தில் எடுத்தது ஒன்று, வாய்க்குழலைக் கழற்றித் தண்டின் முனையைக் காட்டுவது ஒன்று. தர மறுத்தால் அடுத்தவரைப் பாருங்கள். பொருள் கைக்கு வந்ததும், பைப் துடைக்கும் பஞ்சுக்கம்பியை வாய்க்குழல் வழியே விடுங்கள். தடங்கலில்லாமல் கிண்ணத்தின் அடியில் வந்து எட்டிப்பார்க்க வேண்டும். பாதியில் முட்டினால், வாய்க்குழலின் துளையும் தண்டின் துளையும் நேராகச் சந்திக்கவில்லை. பிறகு ஈரமான வெள்ளைத் துணியால் வெளியே துடையுங்கள். சாயம் ஒட்டினால் அது கையிலும் உதட்டிலும் ஒட்டும். கிண்ணத்துக்குள் கறுப்புப் பூச்சு இருந்தால் முகர்ந்து பாருங்கள். கரித்தூள் பூச்சு என்றால் பயமில்லை. பெயின்ட் வாடை வந்தால் பற்றவைக்காமல் அப்படியே திருப்பி அனுப்பிவிடுங்கள். திருப்பி எடுக்கும் வசதி இருக்கிறதா என்பதைப் பணம் கட்டுமுன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.