தனியாகப் போகும் செவிலியர்

அன்பர்களே,

வார்டில் ஒரு செவிலியருக்குச் சந்தேகம் வந்தால் பக்கத்தில் நிற்கும் மூத்த செவிலியரிடம் கேட்டுவிடலாம். நோயாளிக்கு மூச்சுத் திணறினால் ஒரு குரல் கொடுத்தால் போதும், நாலு பேர் ஓடி வருவார்கள். வீடுகளுக்குப் போய்ப் பணிபுரியும் செவிலியருக்கு அந்த நாலு பேர் இல்லை. அவரிடம் இருப்பது ஒரு பையும் கைபேசியும்தான். இந்தத் தனிமைதான் அவருடைய மற்ற எல்லாச் சிரமங்களுக்கும் வேர் என்பது என் கருத்து.

படுக்கைப் புண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். இடுப்புக்குக் கீழே இருக்கும் புண்ணுக்குக் கட்டுப்போட வேண்டுமென்றால் நோயாளியை ஒருக்களிக்க வேண்டும். மருத்துவமனையில் கட்டிலின் உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம், பிடித்துக்கொள்ள இன்னொருவர் இருப்பார். வீட்டிலோ கட்டில் தாழ்வாக, சுவரை ஒட்டிக் கிடக்கும். மெத்தை நடுவில் குழிந்திருக்கும். செவிலியர் முழங்காலிட்டு, ஒரு கையால் நோயாளியின் உடம்பைத் தாங்கிக்கொண்டு மறு கையால் பழைய கட்டைப் பிரிக்கிறார். உடம்பைத் தொட்ட கையால் சுத்தமான பஞ்சைத் தொடக் கூடாது. பிறகு எந்தக் கையால் புதுக் கட்டுப் போடுவது? வீட்டில் இருப்பவர்களைக் கூப்பிட்டால், பாவம், அவர்களுக்குப் புண்ணைப் பார்க்கவே மனம் வருவதில்லை. இப்படிக் குனிந்தும் தாங்கியும்தான் எத்தனையோ செவிலியரின் முதுகு கெட்டுப்போகிறது.

இது இன்று முளைத்த பிரச்சினை இல்லை. 1859இல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் வில்லியம் ராத்போன் என்ற வணிகர், தம் மனைவியைக் கடைசிக் காலத்தில் கவனித்துக்கொண்ட மேரி ராபின்சன் என்ற செவிலியரை ஏழைகளின் வீடுகளுக்கு அனுப்பினார். சில வாரங்களிலேயே அந்த அம்மையார் அழுதுகொண்டு திரும்பி வந்தார், அங்கே காணும் துயரத்தைத் தாங்க முடியவில்லை என்றார். ராத்போன் எடுத்துச் சொன்ன பிறகு பணியைத் தொடர்ந்தார். அன்று அவர் அழுததற்கான காரணம் இன்றும் அப்படியே இருக்கிறது.

இன்னொன்று, நோயாளியின் வீட்டில் செவிலியர் விருந்தாளி. ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயர்களில் வந்து, நோயாளி இரண்டையும் விழுங்கிக்கொண்டிருப்பார். ஆக்சிஜன் ஓடும் அறையில் யாரோ சிகரெட் பற்றவைப்பார்கள். "இது எங்கள் வீடு" என்று ஒரு சொல் வந்துவிட்டால், அதற்கு மேல் எப்படிக் கண்டிப்பது?

பாதுகாப்பைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசிவிடுகிறேன். கதவைத் திறப்பவர் குடித்திருக்கலாம், தகாத முறையில் நடந்துகொள்ளலாம். அந்த நிமிடமே வெளியேறும் உரிமை செவிலியருக்கு வேண்டும். திரும்பி வந்தவரிடம் "நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்கும் மேலாளரை என்னால் மன்னிக்க முடியாது. அடுத்த முறை இரண்டு பேரை அனுப்புங்கள், இல்லாவிட்டால் அந்த வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

குடும்பத்தாரிடம் நான் கேட்பது சின்ன விஷயங்கள்தான். கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போடுங்கள். நாயைக் கட்டி வையுங்கள். இன்சுலின் ஊசியைக் குப்பையில் வீசாமல் கெட்டியான டப்பாவில் போட்டு மூடி வையுங்கள். மருந்துகளையெல்லாம் ஒரே இடத்தில் எடுத்து வையுங்கள். நிர்வாகத்தாரிடம் கேட்பது: யார், எந்த வீட்டுக்கு, எப்போது போனார், எப்போது வெளியே வந்தார் என்று ஒருவர் கணக்கு வைத்திருக்க வேண்டும். செவிலியர் அழைத்தால் முடிவெடுக்கத் தெரிந்த ஒருவர் உடனே போனை எடுக்க வேண்டும், அது ஞாயிற்றுக்கிழமை இரவாக இருந்தாலும்.