சின்ன கேஸிஃபையர் அடுப்பு: புகையை நிறுத்தக் கையால் செய்த மாற்றங்கள்

வணக்கம். கடலூர் தேவனாம்பட்டினத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் இருந்து பேசுகிறேன். கடல் பக்கம் என்பதால் காற்றுச் சத்தம் கேட்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதோ இந்தத் தகர அடுப்புதான் நான் செய்த கேஸிஃபையர், அதாவது விறகிலிருந்து வரும் வாயுவை எரிக்கும் அடுப்பு. செய்த புதிதில் நன்றாக எரிந்தது. அப்புறம் புகைய ஆரம்பித்தது. பாத்திரத்தின் அடி கருகருவென்று ஆனது. இதைத் தேய்க்க முடியாது என்று அம்மா பாத்திரம் தருவதையே நிறுத்திவிட்டார். இன்றைக்கு அதே அம்மாவின் பால் குண்டானை வைத்துக் காட்டப் போகிறேன்.

முதலில் இது எரியும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். உள்ளே 15 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு டின், வெளியே அதைவிடப் பெரிய டின். உள் டின்னில் விறகை நிரப்பி மேலே பற்றவைக்க வேண்டும். "ஊரே அடியில கொளுத்துது, நீ உச்சியில கொளுத்தறியேடா" என்று அம்மா கேட்டார். மேலே வைத்த நெருப்பு மெல்லக் கீழே இறங்கும். அந்தச் சூட்டில் விறகு வாயுவை விடும். வாயு மேலே ஏறி, விளிம்பில் உள்ள துளைகள் வழியாக வரும் சூடான காற்றோடு கலந்து எரியும். அடியில் கொஞ்சம் காற்று, மேலே நிறைய காற்று. இந்தக் கணக்கு தப்பினால் புகைதான். நான் செய்த மாற்றங்கள் எல்லாமே காற்றை அதன் வழியில் போகவைக்கிற வேலைதான்.

சரி, என் அடுப்பில் கணக்கு எங்கே தப்பியது? அடுப்புக்குக் காற்று ஊதும் சின்ன ஃபேனை ஓடவிட்டு, விறகு போடாமல், ஒரு ஊதுபத்தியை இணைப்பு ஒவ்வொன்றின் பக்கத்திலும் பிடித்துப் பார்த்தேன். உள் டின்னின் அடியில், தகடு சேரும் இடத்தில், ஊதுபத்திப் புகை சட்டென்று வளைந்தது. கண்ணுக்குத் தெரியாத இடுக்கு. மேலே போக வேண்டிய காற்று அந்த இடுக்கு வழியாக விறகின் அடிக்குள் நுழைந்திருக்கிறது. அடியில் காற்று கூடினால் வாயு மளமளவென்று வரும். அதை எரிக்க மேலே காற்று போதாது. பாத்திரத்தில் ஒட்டிய கரி அங்கிருந்து வந்ததுதான்.

கடையில் வாங்கிய பசையை முதலில் பூசினேன், ஒரே சமையலில் பொரிந்து உதிர்ந்தது. அப்புறம் பாட்டி மண் அடுப்புக்குப் பூசியது நினைவுக்கு வந்தது. புற்றுமண்ணும் சலித்த சாம்பலும் சேர்த்து, சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசைந்து, இடுக்கில் அழுத்திப் பூசினேன். நிழலில் 2 நாள் காயவைத்தேன். காய்ந்ததும் முடி மாதிரி வெடிப்பு வரும், பயப்பட வேண்டாம். அதே மண்ணை நீர்க்கக் கரைத்து இன்னொரு பூச்சு. இந்த ஒரு வேலையிலேயே பாதிப் புகை நின்றது.

அடுத்தது மேல் துளைகள். முன்பு 8 பெரிய துளைகள் இருந்தன. காற்று சோம்பலாக உள்ளே வந்து ஓரத்திலேயே நின்றுவிடும், நடுவில் வாயு எரியாமல் தப்பிவிடும். பழைய துளைகளைத் தகட்டுப் பட்டையால் மூடி ரிவெட் அடித்துவிட்டு, 5 மில்லிமீட்டரில் 24 துளைகள் போட்டேன். துளை சின்னதானால் காற்று வேகமாகப் பாயும், நடுவரைக்கும் போகும். அதற்கு மேலே இந்த வளையத் தகடு, நடுவில் 8 சென்டிமீட்டர் ஓட்டை. சிதறி வரும் சுடரை இது நடுவுக்குத் தள்ளிக் காற்றோடு நன்றாகக் கலக்கிவிடும். கிட்டே வந்து பாருங்கள், சுடர் ஒவ்வொரு துளை வாயிலும் தனித்தனியாக நாக்கு நீட்டுகிறது.

தகடு வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. துத்தநாகம் பூசிய வாளியை உள் டின்னாக வைக்காதீர்கள். சூட்டில் துத்தநாகம் ஆவியாகும், அதைச் சுவாசித்தால் காய்ச்சலும் குளிரும் வரும். நான் எவர்சில்வர் டப்பாவுக்கு மாறிவிட்டேன். எங்கள் உப்புக்காற்றில் சாதாரணத் தகரம் சீக்கிரம் துருப்பிடித்துவிடுகிறது என்பதும் ஒரு காரணம்.

ஃபேன் பழைய கம்ப்யூட்டரில் கழற்றியது, 12 வோல்ட். அடுப்போடு ஒட்டி வைத்தால் பிளாஸ்டிக் உருகும், அதனால் ஒரு முழ நீளக் குழாய் கொடுத்துத் தள்ளி வைத்திருக்கிறேன். ஆனால் ஃபேனை மட்டும் நம்பக் கூடாது. 2011 டிசம்பரில் தானே புயல் வந்தபோதும், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்தபோதும் மின்சாரம் இல்லாமல் பட்ட பாடு இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். அந்த மாதிரி நாளுக்குத்தான் இந்த அடுப்பே. அதனால் வெளி டின்னின் அடியில் ஒரு தள்ளுகதவு வைத்தேன். ஃபேன் இல்லாதபோது கதவைத் திறந்து, மேலே இந்த ஒரு அடிக் குழாயை நிறுத்தினால் சூடான புகைக்காற்று ஏறி, புதுக் காற்றைத் தானாக இழுக்கும். சுடர் கொஞ்சம் மெதுவாக வரும், ஆனால் சோறு பொங்கும்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் நம் ஊர்களில் கரி வாயுவில் பஸ் ஓடியதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பின்னால் ஒரு பெரிய உருளை, கிளப்புவதற்கு முன் கையால் சுற்றும் ஊதுகருவி. இதே தத்துவம்தான்.

விறகுக்கு நான் போடுவது சவுக்கு மிலாறும் கொட்டாங்குச்சியும். விரல் நீளத்துக்கு வெட்டி, வெயிலில் காயவைத்து, மூடி போட்ட டின்னில் வைப்பேன். திறந்து வைத்தால் கடற்காற்றில் மறுபடியும் ஈரம் ஏறும். இரண்டு குச்சியைத் தட்டினால் டங்கென்று சத்தம் வர வேண்டும். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை ஓடு நிறைய கிடைக்கும், அதைப் போடலாமா என்று கேட்கிறார்கள். போடாதீர்கள். அந்த எண்ணெய்ப் புகை கண்ணையும் தொண்டையையும் எரிக்கும், துளைகளையும் அடைக்கும்.

இன்னொன்றை மறக்கவே கூடாது. இந்த வாயுவில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய அறையில் வேண்டவே வேண்டாம். சுடர் அணைந்து வெள்ளைப் புகை எழுந்தால் தள்ளி நின்று உடனே மறுபடியும் பற்றவையுங்கள்.

பால் பொங்குகிறது. குண்டானை இறக்கி அடியைக் காட்டுகிறேன், பாருங்கள். லேசாக மஞ்சள் பூத்திருக்கிறது, கரி இல்லை. சுடரும் சிறுத்து நீலமாகிவிட்டது, வாயு தீர்ந்து கரி மட்டும் எரிகிறது. இப்போது இடுக்கியால் உள் டின்னைத் தூக்கி, மண் மேல் வைத்து, இறுக்கமான மூடியைப் போடுகிறேன். சூடு இருக்கும்போது திறந்தால் காற்றுப் பட்டு மறுபடியும் கனலும். நாளைக் காலையில்தான் திறப்பேன், அந்தக் கரி அம்மாவின் ரோஜாச் செடிக்கு.