லேசான எம்.எஸ்.: வெயிலா, தாக்குதலா?

வணக்கம் நேயர்களே.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய், சுருக்கமாக எம்.எஸ்., இருப்பதாகத் தெரிந்ததும் வீட்டார் டாக்டரிடம் கேட்பது, "லேசானதுதானே?" அன்றைக்கே அதற்குப் பதில் சொல்ல முடியாது. கர்ட்ஸ்கி என்ற நரம்பியல் மருத்துவர் வகுத்த அளவுகோல் ஒன்று உண்டு. குறை எதுவும் இல்லாவிட்டால் 0. நடக்கக் கைத்தடி வேண்டுமென்றால் 6. நோய் தொடங்கி 15 வருடம் கழித்தும் 3-ஐத் தாண்டவில்லை என்றால் லேசான வகை என்பார்கள். போன காலத்தைப் பார்த்துச் சொல்வது அது. வரப்போகும் காலத்துக்கு உத்தரவாதம் இல்லை.

அந்த அளவுகோலும் பெரும்பாலும் நடையைத்தான் பார்க்கிறது. நன்றாக நடப்பவர் மத்தியானத்துக்குள் அசந்து போவதும், அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறப்பதும் அதில் சரியாக ஏறாது. "பார்த்தால் நல்லாத்தானே இருக்கே" என்ற பேச்சு அவரை எவ்வளவு நோகடிக்கும் என்று வீட்டார் யோசிக்க வேண்டும்.

மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றின் நரம்பிழைகளைச் சுற்றி மையலின் என்ற உறை உண்டு. உடலின் எதிர்ப்புச் சக்தியே அதை அரிப்பதுதான் எம்.எஸ். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்கும், பெண்களுக்கே அதிகம். முதல் அறிகுறி பலருக்குக் கண்ணில் வரும். ஒரு கண் மங்கும், கண்ணை உருட்டினால் வலிக்கும். ஒவ்வொரு கண்ணாக மூடிக் குங்குமச் சிமிழைப் பாருங்கள். பாதித்த கண்ணுக்குக் குங்குமம் வெளிறிப்போன செங்கல் மாதிரித் தெரியும்.

மதுரைக்காரர்களுக்கு முக்கியமான விஷயம் வெயில். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கக் கூட்டத்தில் நிற்கிறார் ஒருவர். வெயில் ஏற ஏற, என்றோ சரியான கண் மறுபடி மங்குகிறது, கால் பின்னுகிறது. நிழலில் உட்கார்ந்து, ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மோர் குடித்தால் சற்று நேரத்தில் தெளிந்துவிடும். உடலை வருத்தினால் இப்படிக் கண் மங்குவதை ஊட்டாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1890-இலேயே எழுதி வைத்தார். சூடுதான் காரணம் என்பது பிறகு தெரிந்தது. உறை தேய்ந்த நரம்பில், உடல் சூடு அரை டிகிரி கூடினாலே சமிக்ஞை தடுமாறும். இதனால் நரம்பு புதிதாகக் கெடுவதில்லை. பயந்துபோய் நடைப்பயிற்சியை விட்டுவிடாதீர்கள். விடியற்காலைக்கு மாற்றி, பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துச் செய்யுங்கள். வெந்நீர்க் குளியல் வேண்டாம்.

நோய் புதிதாகக் கிளம்பும் உண்மையான தாக்குதல் வேறு. புதிய அறிகுறி 24 மணி நேரத்துக்கு மேல் விடாமல் இருக்கும். காய்ச்சலோ தொற்றோ இருக்காது. முந்தைய தாக்குதல் தொடங்கி 30 நாளாவது ஆகியிருக்கும். சிறுநீர்த் தொற்று அப்படியே தாக்குதல் போல வேஷம் போடும். அதனால் முதலில் சிறுநீர்ப் பரிசோதனை. தாக்குதல்தான் என்று உறுதியானால் வழக்கமாக மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைத் தினம் 1 கிராம், 3 முதல் 5 நாள் டிரிப்பில் ஏற்றுவார்கள். குணமாவதை அது வேகப்படுத்தும், அவ்வளவுதான். அடுத்த தாக்குதலைத் தடுக்காது. சர்க்கரை ஏறும், தூக்கம் கெடும். தொற்றைக் கவனிக்காமல் ஏற்றினால் தொற்று முற்றும்.

"நல்லாயிருக்கேன்" என்று ஸ்கேனை விடுவது லேசான நோய்க்காரர்கள் செய்யும் தவறு. வெளியே ஒன்றும் தெரியாமலே எம்.ஆர்.ஐ.யில் புதிய வெள்ளைத் திட்டுகள் வரலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்துவது அதைவிட ஆபத்து. ஃபிங்கோலிமாட் என்ற எம்.எஸ். மாத்திரையைத் திடீரென விட்டால் சிலருக்கு நோய் முன்பைவிட மூர்க்கமாகத் திரும்பும். இன்னொன்று, பி12 குறைவும், என்.எம்.ஓ. என்ற வேறொரு நோயும் எம்.எஸ். மாதிரியே தெரியலாம். எம்.எஸ். மருந்துகள் சில என்.எம்.ஓ.வை மோசமாக்கும் என்பதால், சந்தேகம் இருந்தால் அக்வாபோரின்-4 ரத்தப் பரிசோதனை செய்திருக்கிறதா என்று கேளுங்கள்.

டாக்டரிடம் போகும்போது சின்ன நோட்டு ஒன்று கையில் இருக்கட்டும். எந்தக் கண், எந்தக் கால், தொடங்கிய தேதி, எத்தனை மணி நேரம் இருந்தது, அன்று காய்ச்சல் இருந்ததா, நிழலுக்கு வந்ததும் விட்டதா. இவ்வளவும் எழுதியிருந்தால், வெயிலா தாக்குதலா என்று டாக்டர் பிரித்துச் சொல்வது சுலபம்.