வாசல் பலகையும் வியாழக்கிழமை மாலையும்

(சென்னை கிண்டியில் சிறுதொழில் நடத்துவோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

அழைப்பிதழில் என் பேச்சுக்கு ‘நிறுவனத்தின் கதை’ என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். மதியச் சாப்பாடு முடிந்த கையோடு கதை சொன்னால் உங்களில் பாதிப்பேர் தூங்கிவிடுவீர்கள். ஆகவே ஒரு தகராறிலிருந்து தொடங்குகிறேன்.

அம்பத்தூரில் ஒரு பட்டறை, வாகன உதிரி பாகங்கள் செய்கிறவர்கள். பெயர் வேண்டாம். ஒரு வியாழக்கிழமை மாலை, வேனின் பின்கதவு திறந்திருக்கிறது, பாதி டிரேக்களை ஏற்றியாயிற்று. தரப் பரிசோதகர் ஒரு புஷ்ஷை, அதாவது குழாய்த்துண்டு போன்ற உதிரி பாகத்தை, எடுத்து அதன் உள்விளிம்பை நகத்தால் தடவிப் பார்க்கிறார். பிசிறு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, நகத்தில் இடறும். “இந்த லாட் போகக்கூடாது” என்கிறார். டிஸ்பாட்ச் பார்க்கும் இளைஞர், “ராத்திரி வாடிக்கையாளரின் உற்பத்தி லைன் நின்றுபோனால் நீங்களா அண்ணே பதில் சொல்வீர்கள்?” என்று கேட்கிறார். “ஒரு பீஸ்கூடத் திரும்பி வரக்கூடாது என்று முதலாளியே சொல்லியிருக்கிறார்” என்கிறார் இவர். “வாடிக்கையாளரைக் காக்க வைக்காதே என்று என்னிடம் சொன்னதும் அதே முதலாளிதான்” என்கிறார் அவர்.

இருவரும் சொல்வது உண்மை. முதலாளி இரண்டையும் சொன்னார், வேறு வேறு நாளில், வேறு வேறு கோபத்தில். வாசலில் ‘தரமே எங்கள் உயிர்மூச்சு’ என்று பெயின்ட் அடித்த பலகை தொங்குகிறது. அந்த வேன் கிளம்பலாமா கூடாதா என்று அந்தப் பலகையிடம் கேட்டுப் பாருங்கள்!

இப்படித் தகராறு வந்தால் நாம் வழக்கமாக என்ன செய்கிறோம்? ஒற்றுமை போதவில்லை என்று முடிவுகட்டி, எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றி மகாபலிபுரம் போகும் வழியில் ஒரு ரிசார்ட்டில் இறக்கிக் கயிறு இழுக்க விடுகிறோம். கயிறு என்றதும் நினைவுக்கு வருகிறது. மயிலாப்பூரில் பங்குனித் தேர் மாட வீதி முனையில் திரும்புவதை நின்று பார்த்திருக்கிறீர்களா? வடம் பிடிப்பவர்கள் இழுக்கிறார்கள், ஆனால் தேர் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது சக்கரத்தின் அடியில் கட்டை கொடுக்கிற சிலர் கையில் இருக்கிறது. நிறுவனத்தின் கதை அந்தக் கட்டையின் வேலையைச் செய்ய வேண்டும். எதையும் தடுக்காத கதை எதையும் திருப்பாது.

அந்தப் பட்டறைக்கு என்னை அழைத்தபோது, வாசலுக்குப் புதிதாக ஒரு வாசகம் எழுதித் தரவேண்டும் என்றுதான் கேட்டார்கள். நான் முதலாளியிடம் தொலைநோக்கு, லட்சியம் எதையும் விசாரிக்கவில்லை. “பணம் போனாலும் போகட்டும் என்று நீங்கள் எடுத்த முடிவு ஏதாவது உண்டா?” என்று மட்டும் கேட்டேன். நழுவினார். தாத்தா சைக்கிளில் சரக்கு கொண்டுபோன கதையைச் சொன்னார். நிறுவனர் கதைகள் பலவும் மாலை போட்ட படத்தோடு நின்றுவிடுகின்றன. இன்றைய முடிவு ஒன்றை அதிலிருந்து எடுக்க முடியாவிட்டால் அதை ஆண்டு விழாவுக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. கேள்வியை மறுபடியும் கேட்டேன்.

அப்போதுதான் 2015 டிசம்பர் வெள்ளம் வெளியே வந்தது. பட்டறைக்குள் இடுப்பளவு தண்ணீர், மின்சாரம் இல்லை, செல்போனில் சார்ஜ் கரைந்துகொண்டிருக்கிறது. மனிதர் மொட்டை மாடியில் நின்றுகொண்டு வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டிருக்கிறார். “பதினைந்து நாளைக்கு என்னிடமிருந்து சரக்கு வராது. வேறு இடத்தில் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்” என்று சொன்னதோடு, ஓசூரில் தனக்குப் போட்டியாக இருந்த ஒருவரின் எண்ணையும் கொடுத்திருக்கிறார். பெரும்பாலானோர் திரும்பி வந்தார்கள். ஒரு பெரிய ஆர்டர் ஓசூரிலேயே தங்கிவிட்டது. “அதற்காக வருத்தமா?” என்று கேட்டேன். “கெட்ட செய்தியை அவர்கள் வேறு யார் மூலமாகவும் தெரிந்துகொண்டிருக்கக் கூடாது, சார்” என்றார்.

இதுதான் அந்த நிறுவனத்தின் கதை. டிஸ்பாட்ச் இளைஞர் வேலைக்குச் சேர்ந்ததே வெள்ளத்துக்குப் பிறகு. அவருக்கு யாரும் இதைச் சொல்லவே இல்லை. தெரிந்திருந்தால் வியாழக்கிழமைத் தகராறு ஒரு தொலைபேசி அழைப்பில் முடிந்திருக்கும். பிசிறு இருக்கிறது, சுத்தம் செய்து நாளைக் காலை அனுப்பட்டுமா, அல்லது லைன் நிற்கும் என்றால் இன்று தேவையான அளவுக்கு மட்டும் தேய்த்துக் கொடுக்கட்டுமா என்று வாடிக்கையாளரையே கேட்டிருக்கலாம். இப்போது அங்கே, சந்தேகம் வந்தால் வேனுக்கு முன்னால் போன் போகிறது. முதலாளியின் அனுமதிக்காக யாரும் காத்திருப்பதில்லை.

இது சின்னப் பட்டறைக்குச் சரி, பெரிய இடத்துக்கு ஒத்துவருமா என்று சிலர் யோசிக்கலாம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பாருங்கள். டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வுபெற்ற பிறகு 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது. தவிர்க்கக்கூடிய பார்வையிழப்பை ஒழிப்பதுதான் நோக்கம் என்று வைத்துக்கொண்டார்கள். கண்புரை அறுவையின்போது கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸை வெளிநாட்டிலிருந்து வாங்கினால் ஏழை நோயாளிக்குக் கட்டுப்படியாகாது என்ற நிலை வந்தபோது, 1992இல் அரோலேப் என்று சொந்தமாக லென்ஸ் தயாரிக்கவே இறங்கினார்கள். நல்ல மருத்துவமனை நடத்துவதுதான் கதை என்றால், உனக்கெதற்குத் தொழிற்சாலை என்று கணக்குப் பிரிவே தடுத்திருக்கும்.

நம் பெரம்பூரிலும் ஒன்று உண்டு. 1955 முதல் ரயில் பெட்டி செய்துவரும் ஐ.சி.எஃப். தொழிற்சாலை, தனி எஞ்சின் தேவைப்படாத அதிவேக ரயில் ஒன்றைக் கட்ட முனைந்தபோது அதற்கு ‘டிரெயின் 18’ என்று பெயர் வைத்தது. 2018இல் வெளியே வந்தாக வேண்டும் என்ற கெடு பெயரிலேயே இருந்தது. 2018 அக்டோபர் இறுதியில் வெளியே வந்துவிட்டது. மறு பிப்ரவரியில் வந்தே பாரத் என்று டெல்லிக்கும் வாராணசிக்கும் இடையே ஓடத் தொடங்கியது. வெல்டிங் செய்பவரும் கொள்முதல் அதிகாரியும் ஒரே தேதியைப் பார்த்து வேலை செய்தார்கள். அதற்காகப் பெயரில் மந்திரம் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்துத் திட்டமிட்ட ‘டிரெயின் 20’, 2020இல் வரவில்லை.

நீங்கள் ஊருக்குப் போய் இதைச் செய்து பார்ப்பதானால், துறைத் தலைவர்களைத் தனித்தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள்: போன வருடம் நாம் எந்த ஆர்டரை வேண்டாம் என்றோம், ஏன்? சேர்ந்து கேட்டால் உங்கள் முகத்தைப் பார்த்துப் பதில் வரும். பதில்களைப் பெயரில்லாமல் ஒரு தாளில் எழுதிப் படியுங்கள். ஒன்றுக்கொன்று பொருந்தாது. கோபம் வரும். அந்தத் தாளைக் கிழிக்காமல் ஒரு வாரம் மேசையில் வைத்திருக்கிற முதலாளியோடு எனக்கு வேலை எளிது.

கடைசியாக ஒரு செய்தி. இன்று ஸ்ரீபெரும்புதூரிலும் அம்பத்தூரிலும் இரவு ஷிப்டில் நிற்பவர்களில் பலர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஒப்பந்தத்தில் வந்தவர்கள். புஷ்ஷின் பிசிறை முதலில் தொடுவது அவர்கள் விரல்தான். நம் கதை தமிழிலும் ஆங்கிலத்திலும் பலகையாகத் தொங்குகிறது. அவர்களுக்கு அதைச் சொல்வது ஷிப்ட் சூப்பர்வைசர், தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில். ஒருநாள் இரவு பக்கத்தில் நின்று அவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். உங்களுக்கு இந்தி தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துக்கொண்டு போங்கள். “சீக்கிரம் முடி” என்பது மட்டும்தான் காதில் விழுகிறதா, “சந்தேகம் இருந்தால் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிடு” என்பதும் விழுகிறதா என்று பார்த்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள்.

கேள்விகள் இருந்தால் கேட்கலாம். மைக் பின்வரிசைக்கு வரும்.