ஆமைக்குஞ்சு ஆணா, பெண்ணா? மணலுக்குள் புதைத்த பொத்தான் சொல்லும் விடை

(அண்மைக் காட்சி: உள்ளங்கையில் எஃகுப் பொத்தான்)

வணக்கம். கைக்கடிகாரப் பேட்டரியைப் போலத் தோன்றும் இந்தப் பொத்தானின் குறுக்களவு ஏறத்தாழ 17 மில்லிமீட்டர்தான். ஆனால் வெப்பத்தை உணரும் சென்சார், கடிகாரம், நினைவகம், பேட்டரி ஆகிய நான்கும் இதற்குள் அடங்கியிருக்கின்றன. குறித்த இடைவெளியில் வெப்பத்தை அளந்து தானே பதிந்துகொள்ளும் இந்த டேட்டா லாகரைக் கடலாமைக் கூட்டில் முட்டைகளுக்கு நடுவே வைத்துவிட்டால், அங்கிருந்து வெளிவரும் குஞ்சுகளில் ஆண் அதிகமா, பெண் அதிகமா என்பதை, ஒரு குஞ்சைக்கூடத் தொடாமல் கணித்துவிடலாம்.

கடலாமைகளுக்குப் பாலினத்தைத் தீர்மானிக்கும் குரோமோசோம்கள் கிடையாது. மணலின் சூடு சுமார் 29 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருந்தால் ஆண்களும், அதைத் தாண்டினால் பெண்களும் மிகுதியாகப் பிறக்கின்றன. ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டின் (கிரேட் பேரியர் ரீஃப்) வடபகுதியில் பிறந்த இளம் பச்சை ஆமைகளில் சுமார் 99 விழுக்காடு பெண் என்று 2018இல் வெளியான ஆய்வு கண்டது.

சரி, ஒரு தெர்மாமீட்டரைக் குத்திப் பார்த்தால் போதாதா? போதாது. நண்பகலில் கால் வைக்க முடியாதபடி கொதிக்கும் அதே மணல், அரை மீட்டர் ஆழத்தில் பகலுக்கும் இரவுக்கும் பெரிய வேறுபாடே காட்டாது. மேலே விழுந்த வெயில் அங்கே இறங்கப் பல மணி நேரம் ஆகும். அதற்கும் மேலாக, என்னை மிகவும் வியக்க வைத்த செய்தி ஒன்று உண்டு. வளரும் கருக்கள் தாமே வெப்பத்தை வெளியிடுவதால், பொரிப்பதற்கு முந்தைய நாட்களில் நூறு முட்டைகளுக்கு மேல் அடுக்கியிருக்கும் கூடு, பக்கத்து மணலைவிடச் சூடாகிவிடுகிறது. ஆனால் பாலினம் முடிவாவது அடைகாலத்தின் நடு மூன்றிலொரு பங்கில்தான். ஐம்பது நாள் கூடு என்றால், தோராயமாகப் பதினேழாம் நாளிலிருந்து முப்பத்து மூன்றாம் நாள் வரை. ஆகவே மொத்த நாட்களின் சராசரியை எடுத்தால், கடைசி நாட்களின் சூடும் கலந்து கணக்கைத் தவறாக்கிவிடும். மணிக்கொரு முறை பதியும் லாகர் 1,200 அளவுகளைத் தருவதால், நமக்கு வேண்டிய நாட்களை மட்டும் பிரித்துப் பார்க்கலாம். சற்றுத் தள்ளி அதே ஆழத்தில் இன்னொரு லாகரைப் புதைத்தால், மணலின் சூடு எவ்வளவு, முட்டைகளின் சூடு எவ்வளவு என்பதும் தெரிந்துவிடும்.

ஓரிரு டிகிரியே ஆண், பெண் கணக்கை மாற்றிவிடும் என்பதால், புதைப்பதற்கு முன்னும் எடுத்த பின்னும், பொடித்த பனிக்கட்டி கலந்த நீரில் லாகரை வைத்துச் சோதியுங்கள். அது பூஜ்யத்தைக் காட்ட வேண்டும். உப்புநீர் புகாதபடி உறையிடவும் மறக்காதீர்கள்.

சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமையின் முட்டைகளை இரவோடு இரவாகப் பொரிப்பகத்துக்கு மாற்றும் வேளையே லாகரை வைக்கத் தக்க நேரம், ஏனெனில் பின்னர் முட்டைகளை அசைத்தால் கரு அழிந்துவிடக்கூடும். மார்ச்சில் இட்ட முட்டைகள் ஏப்ரல், மே வெயிலைச் சந்திப்பதால், பொரிப்பகத்துக்கு நிழல்வலை கட்டும் எண்ணம் எழுவது இயல்பு. ஆனால் லாகர் இல்லாமல் நிழல்வலை கட்டவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. நிழல் மிகுந்து மணல் குளிர்ந்தால், பொரிக்கும் குஞ்சுகள் பெரும்பாலும் ஆணாகிவிடும். அந்தத் தவறு வெளிப்பார்வைக்குத் தெரியாது, ஏனென்றால் குஞ்சைப் பார்த்து அது ஆணா பெண்ணா என்று சொல்ல இயலாது.

உங்கள் ஊர்ப் பொரிப்பகத்தில் மணலின் சூட்டைப் பதிவு செய்கிறார்களா? எந்த ஆழத்தில், எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை என்பதைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள்.