தும்மலுக்குச் சீன மூலிகை

எல்லாருக்கும் வணக்கம்ங்க. நான் வேலூர்ல காது மூக்கு தொண்டை பாக்குற டாக்டர். போன மாசம் குடியாத்தத்துல இருந்து ஒரு அம்மா வந்தாங்க, காலையில எழுந்ததும் இருவது முப்பது தும்மல், மூக்குல தண்ணியா ஊத்துது, கண்ணு ஒரே அரிப்பு, வருஷக்கணக்கா இதே பாடு. சிங்கப்பூர்ல இருக்குற தம்பி அனுப்புன சீன மூலிகை கேப்சூல் டப்பாவ மேசை மேல வச்சிட்டு, "சார், இத துன்றதுல இருந்து நல்லா கீது, மூக்குல அடிக்கிற ஸ்ப்ரேவ வுட்டுடலாமா"ன்னு கேட்டாங்க.

சீன மூலிகைய நான் ஒதுக்க மாட்டேன். மலேரியாவுக்கு மாசிபத்திரி வகைச் செடியில இருந்து மருந்து எடுத்த தூ யூயூ அம்மாவுக்கு 2015ல நோபல் பரிசே குடுத்தாங்க. ஆனா மூக்கு அலர்ஜி தானாவே ஏறி எறங்குற நோய். ரோட்டோரம் பார்த்தீனியம் பூக்குறப்போ, மார்கழிப் பனியில ஜாஸ்தியாகும், அப்புறம் கொறையும். ரொம்ப முடியாதப்போதானே மருந்தத் தேடுறோம், அது கொறையுற நேரத்துல எத சாப்பிட்டிருந்தாலும் அதாலதான் நல்லாச்சுன்னு தோணும். அதனால பாதிப் பேருக்கு நெசமான மருந்து, மீதிப் பேருக்கு அதே மாதிரி இருக்குற வெறும் கேப்சூல், யாருக்கு எதுன்னு நோயாளிக்கும் தெரியாம டாக்டருக்கும் தெரியாம குடுத்துப் பாக்கணும்.

ஆஸ்திரேலியாவுல அப்படிச் செஞ்சிருக்காங்க. பிமின்னேன்னு ஒரு சீன மூலிகைக் கூட்டு, 58 பேரு, 12 வாரம், 2002ல வெளியாச்சு. சில தொந்தரவு வெறும் கேப்சூல விட நல்லாவே கொறைஞ்சிருக்கு, எல்லாம் இல்ல. 2003ல வேற ஒரு சீன மூலிகைக் கூட்ட வச்சு இன்னொரு ஆய்வு, 55 பேரு, அதுலயும் பலன் இருந்துது. நம்பிக்கை தர்ற விஷயம்தான், ஆனா ஆளு கொஞ்சம், அந்தக் கூட்டுங்களுக்கு வந்த பலன் கடையில விக்கிற வேற கூட்டுக்கு வருமான்னு சொல்ல முடியாது.

எனக்கு அதவிட பயம் டப்பாக்குள்ள என்ன இருக்குன்றதுதான். நம்ம பாலாத்தங்கரையில வேட்டியில ஒட்டிக்கிற மருளூமத்தை காய் இருக்கே, அத சீன வைத்தியத்துல மூக்குக்கு வறுத்துக் குடுப்பாங்க, பக்குவம் தப்புனா ஈரலைக் கெடுக்கும். மா ஹுவாங்னு இன்னொரு சீன மூலிகை மூக்கடைப்பத் தெறக்கும், பிபியையும் ஏத்தும். அந்த அம்மா பிபி மாத்திரை சாப்பிடுறவங்க!

அதனால கேப்சூல நிறுத்திட்டு ஸ்ப்ரேவத் தொடரச் சொன்னேன், அடிச்சுக் காட்டச் சொன்னா ரெண்டு மூக்குத் துவாரத்துக்கும் நடுவுல இருக்குற தண்டுப் பக்கமா அடிக்கிறாங்க, அப்படி அடிச்சா புண்ணாகும், காதுப் பக்கமா சாய்ச்சு அடிக்கக் கத்துக்குடுத்தேன். டப்பாவுல சீனத்துல எழுதியிருக்குறத தம்பி சீனம் தெரிஞ்சவங்களப் படிக்கச் சொல்லி அனுப்புறாராம், வந்ததும் ஒவ்வொரு பேரா உக்காந்து பாக்கணும்.