அருங்கலம் என்னும் ஜங்ஷன்

(கடலூர் மஞ்சக்குப்பத்தில், பணி ஓய்வு பெற்றவர்களின் மாலைக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். வயதான பிறகு பாட்டை மனப்பாடம் செய்வது எப்படி என்று பேசச் சொன்னார்கள். நான் வித்வான் இல்லை. 34 வருஷம் கணக்கு எழுதிவிட்டு, 60 வயதுக்கு மேல் சுருதிப்பெட்டியைத் தொட்டவன். என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம், நான் நன்றாகப் பாடுகிறேன் என்பதல்ல. போன வருஷம் சித்திரைச் சதயத்தன்று நான் மறந்தது ஊருக்கே தெரியும் என்பதுதான்.

அப்பர் குருபூசை. திருப்பாப்புலியூர்க் கோவில் மண்டபத்தில் நாங்கள் நாலு பேர். பத்துப் பாட்டுக் கொண்ட நமச்சிவாயப் பதிகம். கல்லோடு கட்டிக் கடலில் தள்ளிய அப்பர் சுவாமிகள் அதைப் பாடிக்கொண்டே கரையேறியது நம் ஊர்க் கரையில்தான் என்பது ஐதீகம். கரையேறவிட்டகுப்பம் என்று ஊருக்குப் பெயரே இருக்கிறது. அந்தப் பதிகத்தை இந்த ஊர்க்காரன் மறக்கலாமா? மறந்தேன்.

இரண்டாவது பாட்டு. அருங்கலம் என்றால் அரிய அணிகலன். ‘பூவினுக்கு அருங்கலம் பொங்கு தாமரை’ பாடினேன். ‘ஆவினுக்கு அருங்கலம்’ பாடினேன். அடுத்து ‘கோவினுக்கு அருங்கலம்’ வர வேண்டும். வாயிலிருந்து வந்தது ‘திங்களுக்கு அருங்கலம்’. அது ஐந்தாவது பாட்டின் மூன்றாம் அடி. அப்புறம் என்ன, ‘நங்களுக்கு அருங்கலம் நமச்சிவாயவே’ என்று கம்பீரமாக முடித்துவிட்டு ஆறாவது பாட்டுக்குப் போய்விட்டேன். இரண்டில் பாதி, ஐந்தில் பாதி, மூன்றும் நாலும் முழுசாகக் காணோம். பின்பாட்டுக்காரர்கள் பாவம், என் பின்னாலேயே வந்துவிட்டார்கள். வெளியே செருப்புப் போடும்போது மச்சான் கேட்டார்: “என்ன மாமா, இன்னைக்கு எக்ஸ்பிரஸா? ரெண்டு ஸ்டேஷன்ல நிக்கவே இல்லையே?”

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் “வயசாகிடுச்சு” என்று புலம்பினேன். மூன்றாம் நாள் யோசித்தபோது ஒரு விஷயம் பிடிபட்டது. நான் ஒரு சொல்லைக்கூட மறக்கவில்லை. பாடிய நாலு அடியும் பதிகத்தில் உள்ளவைதான். தடம் மாறிப் போயிருக்கிறேன். மச்சான் கிண்டலுக்குச் சொன்னதுதான் சரி. விழுப்புரம் ஜங்ஷனில் ஒரு தடம் நம் ஊர் வழியாக மயிலாடுதுறைக்குப் போகிறது, ஒன்று புதுச்சேரிக்கு, ஒன்று விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்கு. வண்டியில் கோளாறு இல்லாவிட்டாலும், தண்டவாளம் பிரியும் பாயிண்ட் மாற்றி விழுந்தால் வேறு ஊருக்குத்தான் போகும். இந்தப் பதிகத்தில் ‘அருங்கலம்’ என்ற சொல் இரண்டாம் பாட்டில் நாலு முறை வருகிறது, ஐந்தாம் பாட்டில் நாலு முறை வருகிறது. அதுதான் என் ஜங்ஷன்.

ஆகவே என் கட்சி இதுதான்: நம் வயதில் பாட்டு மறப்பதில்லை, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் இருக்கும் மூட்டு கழன்றுபோகிறது. நாம் என்ன செய்கிறோம்? முதலிலிருந்து முடிவு வரை பத்து முறை பாடுகிறோம். நன்றாகத் தெரிந்த முதல் பாட்டையே பத்து முறை பாடி அழகு பார்க்கிறோம். நான் இப்போது ஒரு பாட்டின் கடைசி அடியையும் அடுத்த பாட்டின் முதல் இரண்டு சொல்லையும் மட்டும் சேர்த்துப் பாடிப் பழகுகிறேன். ‘நாவினுக்கு அருங்கலம் நமச்சிவாயவே, விண்ணுற அடுக்கிய’. நிறுத்து. மறுபடி அதே. கேட்பவருக்கு ரம்பம்தான். வீட்டில் எனக்குக் கொல்லைப்புறம் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

முதலெழுத்துக்களை ஒரு சரமாகக் கோத்தும் வைத்திருக்கிறேன். சொ-பூ-வி, இ-வெ-ச, வீ-இ, மு-மா. பத்துப் பாட்டும் இதற்குள் அடக்கம். அர்த்தமில்லாத சொல்தான், ஆனால் கெடிலம் பாலத்தில் நடக்கும்போது இதைச் சொல்லிக்கொண்டே போனால் அக்கரை வருவதற்குள் பதிகம் வரிசைக்கு வந்துவிடுகிறது.

பாடிய அப்பரே நமக்குப் பிடிமானம் வைத்திருக்கிறார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. இரண்டாம் பாட்டில் பூவினுக்கு, ஆவினுக்கு, கோவினுக்கு, நாவினுக்கு. எதுகையைக் காதில் வாங்கியிருந்தால் அங்கே ‘திங்களுக்கு’ நுழையவே முடியாது. கடைசி அடிகளைப் பாருங்கள்: நற்றுணை, நாவினுக்கு, நண்ணிநின்று, நடுக்கத்தை, நங்களுக்கு. முதல் ஒன்பது பாட்டிலும் கடைசி அடி நகர வரிசையில்தான் தொடங்குகிறது. பள்ளிக்கூடத்தில் எதுகை மோனையை மார்க்குக்காகப் படித்தோம். ஏடு எல்லார் கையிலும் இல்லாத காலத்தில் பாட்டு சிந்தாமல் இருக்கப் போட்ட கட்டு அது. அந்தாதி இன்னும் ஒரு படி மேலே: ஒரு பாட்டு முடியும் சொல்லிலேயே அடுத்தது தொடங்கும், மூட்டு கழலவே கழலாது. அபிராமி அந்தாதி நூறு பாட்டையும் தடங்கல் இல்லாமல் சொல்லும் பாட்டிமார் இருப்பதில் ஆச்சரியமில்லை.

பொருளும் முக்கியம். நாலாம் பாட்டில் ‘அடுக்கற்கீழ்க் கிடக்கினும்’ என்று வருகிறது. எட்டு மாதம் அதைப் பாத்திர அடுக்கு என்று நினைத்துப் பாடியிருக்கிறேன்! அடுக்கல் என்றால் மலை. அது தெரிந்த நாளிலிருந்து அந்தப் பாட்டு என்னை விட்டுப் போகவில்லை. முதல் பாட்டில் கல்லும் கடலும், மூன்றில் விறகு நெருப்பு, நாலில் மலை. இப்போது மனசில் படமாக ஓடுகிறது.

மெட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கீர்த்தனை பாடும்போது அடிக்கு அடி மெட்டு மாறுகிறது, மெட்டே அடுத்த சொல்லை இழுத்துக்கொண்டு வந்துவிடும். வராவிட்டாலும், முந்தின சங்கதியை, அதாவது பாடிய அடியின் மெட்டு வேறுபாட்டை, இன்னொரு முறை பாடி நேரம் கடத்தலாம், நான் கடத்தியிருக்கிறேன். பதிகத்தில் அந்த வசதி கிடையாது. பண் காந்தார பஞ்சமம், இன்று கேதாரகௌளை ராகத்தில் பாடுகிறோம். பத்துக்கும் ஒரே மெட்டு. 1994ல் வாண்டா வாலஸ் என்ற ஆராய்ச்சியாளர், படித்துக் கேட்ட வரிகளைவிடப் பாடிக் கேட்ட வரிகள் நன்றாக நினைவில் நிற்கின்றன, ஆனால் அதே மெட்டு பாட்டுக்குப் பாட்டு திரும்பத் திரும்ப வந்தால்தான் அது நடக்கிறது என்று காட்டினார். அந்த வகையில் பதிகம் நமக்குத் தோது. ஆனால் இப்போது பாடுவது மூன்றாவதா ஐந்தாவதா என்று மெட்டு சொல்லாது. அதை நாம்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது புத்தகம். பார்த்துப் பாடுவது பழக்கமே தவிர மனப்பாடம் இல்லை. ரோடிகர், கார்ப்பிக் என்று இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2006ல் மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஒரு பக்கம், படித்ததை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் இன்னொரு பக்கம். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டால் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். நன்றாகத் தெரியும் என்று அதிக நம்பிக்கையோடு இருந்ததும் அந்தப் படித்த கோஷ்டிதான்! சதயத்துக்கு முந்தின நாள் நான் இருந்த மாதிரி. இப்போது புத்தகத்தை எழுந்துபோய் எடுக்கும் தூரத்தில், அலமாரிக்குள் வைக்கிறேன். முழங்கால் வலிக்குப் பயந்தாவது இன்னும் கொஞ்சம் யோசிக்கிறேன்.

இடம் மாற்றிப் பாடுவதும் பழக வேண்டும். 1975ல் கோடன், பேட்லி என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் முக்குளிப்பவர்களை வைத்துப் பார்த்தார்கள். தண்ணீருக்குள் கேட்ட சொற்கள் தண்ணீருக்குள்ளேயும், கரையில் கேட்டவை கரையிலேயும் நன்றாக நினைவுக்கு வந்தன. நான் முழுப் பதிகத்தையும் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து படித்தவன். மண்டபத்தில் நாற்காலி இல்லை. இப்போது பஸ்ஸில், தேவனாம்பட்டினம் கடற்கரையில், ரேஷன் கடை வரிசையில் என்று எல்லா இடத்திலும் முணுமுணுக்கிறேன். பார்ப்பவர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

“சின்ன வயசில் கேட்ட சினிமாப் பாட்டு இன்னும் அப்படியே இருக்கிறதே” என்று இங்கே ஒருவர் கேட்டார். இருக்கும். டீக்கடை ரேடியோவில், கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில், ஒரே பாட்டை எத்தனை வருஷம் கேட்டோம்? இப்போது ஆறு முறை பாடிவிட்டு மூளையைக் குறை சொல்கிறோம். வயதின் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். இன்று படித்தது முன்னைவிட மெதுவாகத்தான் ஏறுகிறது. மாதத்துக்கு ஒரு பதிகம் என்று இருந்ததை மூன்று மாதத்துக்கு ஒன்று என்று ஆக்கிக்கொண்டேன். சுருதியையும் இரண்டு கட்டையிலிருந்து ஒன்றரைக்கு இறக்கிவிட்டேன். தொண்டைக்குப் பயந்து திணறிக்கொண்டிருந்தால் சொல் எப்படி வரும்?

சரி, பேசியது போதும், பாடச் சொல்கிறார்கள். சுருதியை ஒன்றரைக் கட்டையில் வையுங்கள். மச்சான் முதல் வரிசையில் உட்கார்ந்து இப்போதே விரலை மடக்கத் தயாராக வைத்திருக்கிறார்.